முப்பத்தொரு சிவப்புப் பொட்டுகள்

ஜூலை 29, செவ்வாய்

வீட்டுக்காரரின் மகன் இன்று நேரிலேயே வந்துவிட்டார். போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாராம். கட்டடத்தை விற்றாகிவிட்டது. இடித்துவிட்டு ஸ்கேன் சென்டர் கட்டப் போகிறார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் காலி செய்து தர வேண்டும்.

"அப்பா இருந்தவரைக்கும் உங்கள ஒண்ணும் தொந்தரவு பண்ணலீங்க. இனி எங்களால வச்சுக் காப்பாத்த முடியாதுங்க" என்றார்.

காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் உள்ளே வந்து படம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஆக, 'நாற்சுவர் ஓவியக் கூடம்' மூடப்படுகிறது. கோவை சாய்பாபா காலனியில் ஒரு பல் டாக்டருக்கும் தையல் கடைக்கும் நடுவே பெரிய கூடம் ஒன்று, சின்ன அறை ஒன்று, மாடியில் ஓர் அறை. இவ்வளவுதான் நாற்சுவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தது.

மதியம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவரிடம் எதையும் மெல்லத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுவையாக. வலது கை திரும்பவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஸ்டெல்லா அப்போது அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

போதும் என்று அவளிடம் சொன்னார். பிறகு, "எம் படம் எத்தன மிச்சம் இருக்குது வசந்தா?" என்றார்.

"ஆறுங்க."

"ஆறுதானா? மத்ததெல்லாம் போய்ச் சேர்ற எடத்துக்குப் போய்ச் சேந்துருச்சு. அப்பறமென்ன, மூடிக்கலாம்."

முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் காய் நறுக்கப் போய்விட்டேன்.

ஜூலை 31, வியாழன்

படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி ஓவியர்கள் பதினொரு பேருக்குப் போன் செய்தேன். நான்கு பேர்தான் போனை எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

சுதர்சனம் வந்து தன்னுடைய குதிரை ஓவியங்கள் நான்கையும் எடுத்துக்கொண்டு போனான். முதல் கண்காட்சி இங்கேதான் வைத்தான். இப்போது துபாயில் எல்லாம் அவன் குதிரை ஓடுகிறது. கெட்டவன் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? சென்னியப்பண்ணன் படம் முப்பதுக்கு மேல வித்துருக்குதுன்னு சொல்றீங்க. நானும் கோயமுத்தூர், திருப்பூர், ஊட்டின்னு எத்தனையோ வீட்டுக்குப் படம் மாட்டப் போயிருக்கறேன். ஒரு வீட்லயும் அண்ணன் படத்த நான் பாத்ததில்லீங்களே."

"வாங்குனவங்க எல்லாம் உன் மாதிரி ஆளக் கூப்பிட்டு வீட்டக் காட்டறவங்க இல்ல" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். எனக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. சின்ன அறை அலமாரியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஆடிக் காற்று அடித்து வாசல் போர்டு ஒரு பக்கம் கழன்றுவிட்டது. இனி அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று ஹக்கீம் பாயும் நானும் மாடியறையைத் திறந்தோம். இதை எழுதத்தான் வேண்டும். எழுதாமல் இந்த மாதத்தை ஓட்ட முடியாது.

ஹக்கீம் பாய் படங்களுக்குச் சட்டம் போடுபவர். முதல் நாளிலிருந்து எங்களோடு இருக்கிறார். மாடியறை வீட்டுக்காரருடைய சாமான் அறை என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் என்று நான் எழுதுவது எப்போதும் என் கணவரை. அந்த அறைக்கும் சேர்த்து நான்தான் வாடகை கொடுத்து வருகிறேன் என்பது ஹக்கீம் பாய்க்கு மட்டும் தெரியும்.

உள்ளே அவருடைய படங்கள் இருக்கின்றன. முப்பத்தொன்று. எல்லாம் விற்றுப்போனவை.

2006இல் முதல் கண்காட்சி. அதற்கு முன் அவர் சென்னை, பெங்களூர் என்று பல இடங்களுக்குப் படங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஜவுளி இயந்திரக் கம்பெனியில் படவரைவாளர் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருஷமாக வரைந்தவை. மூடிக்கிடக்கும் பஞ்சாலைகள், சிமென்ட் தொட்டிகள், பாசி பிடித்த மதில்கள். ஒரு படத்திலும் ஆள் கிடையாது. யாரும் ஏற்கவில்லை. அதனால்தான் நான் கூடம் ஆரம்பித்தேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் போண்டா சாப்பிட்டார்கள், சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள். நாலு நாளாக அவர் ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலருகே நின்றார். ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது ஒரு படத்தின் பெயர்ச்சீட்டில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினேன். விற்றுவிட்டது என்பதற்கு அடையாளம்.

திரும்பி வந்து பார்த்தார். "யாரு?" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"திருப்பூர்ல ஒரு டாக்டருங்க" என்றேன்.

அந்த டாக்டர் அந்த நிமிஷம் பிறந்தவர். அதற்குப் பிறகு ஊட்டியில் எஸ்டேட்காரர் ஒருவர், பெங்களூரில் ஒரு கணவனும் மனைவியும், பொள்ளாச்சியில் வக்கீல் ஒருவர் என்று பிறந்துகொண்டே இருந்தார்கள். விற்ற படத்தை அவர் கண்ணெதிரே பழுப்புத் தாளில் சுற்றி அனுப்புவோம். அது ஹக்கீம் பாய் கடை வரை போய், மறுநாள் பின்பக்கமாக மாடிக்கு வந்துவிடும். டாக்டர் கொடுத்த பணம் என்று என் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் அவர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். இப்போதும் கட்டியிருக்கிறேன்.

அவருடைய படத்தை நிஜமாக வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஹக்கீம் பாய் தூசியில் இருமிக்கொண்டே கேட்டார். "இத்தனையும் எங்க கொண்டுபோறது டீச்சர்? என் கடைல ஆறு வைக்கலாம். அதுக்கு மேல எடமில்லீங்க."

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் பிசியோதெரபி. கைவிரல் ஒன்று அசைந்ததாக அந்தப் பையன் சொன்னான். எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். "ஆலைக்குள்ள வெயில் விழுகுமே, அந்தப் படம். டாக்டர் வாங்குனது. அத ஒருக்கா பாக்கோணும் வசந்தா."

"இப்ப எதுக்குங்க?"

"இந்தக் கை இனி வராது. எனக்குத் தெரியும். பண்ணுனதயாவது ஒருக்கா பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு. நல்ல மனுசன். அவரு பொண்ணு கல்யாணத்துக்கு நான் வாட்டர் கலர்ல ஒண்ணு போட்டுக் குடுத்தேனே, ஞாபகமா வச்சிருப்பாரு."

ஞாபகம் இருக்கிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டார். நொய்யல் கரையில் ஒரு படித்துறை. நானே கொண்டுபோய்க் கல்யாணத்தில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்றுகூடக் கேட்டார். சொன்னேன். அதுவும் மாடியில்தான் இருக்கிறது, பரிசுத் தாள் பிரிக்காமல்.

ஆகஸ்ட் 9, சனி

டாக்டர் ஊரில் இல்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். படங்களை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வேறு இடம் பிடித்துப் பூட்டி வைத்தாலும் எத்தனை நாளைக்கு? எனக்கு அறுபத்து நாலு. நான் முதலில் போய்விட்டால் யாராவது கதவைத் திறப்பார்கள், அவரிடம் போய்ச் சொல்வார்கள். அதைவிட இல்லாமல் போவது நல்லது. படம் இல்லை என்றால் பொய்யும் இல்லை.

ஹக்கீம் பாயிடம் சொன்னேன். சட்டத்திலிருந்து துணியை அறுத்து எடுத்துவிட்டால் மூட்டையாகக் கட்டிவிடலாம், குப்பை வண்டிக்காரர் எடுத்துக்கொள்வார்.

அவர் என்னையே பார்த்தார். "தூக்கிட்டு வாங்கன்னா வர்றேன் டீச்சர். ஒளிச்சு வைங்கன்னா வைக்கறேன், பத்தொம்பது வருசமா அதத்தான் பண்ணேன். இதுக்கு நான் ஆளில்லீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

நானே செய்தேன். கைக்கு வந்த ஒரு படத்தை எடுத்தேன். மழையில் நனைந்த ஆலை மதில். பிளேடு வைத்து நாலு பக்கமும் அறுத்தேன். காய்ந்த வண்ணம் சில்லு சில்லாகத் தெறித்தது. துணியைச் சுருட்ட முடியவில்லை, ஒடிந்தது. மடித்துச் சாக்கில் போட்டு, குப்பை வண்டி வரும்வரை காத்திருந்து கொடுத்தேன்.

இரண்டாவது படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பால் திரிந்திருந்தது. ஸ்டெல்லாவைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடியும் கேட்டார். டாக்டர் வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை படத்தை அனுப்புவதாகச் சொன்னார் என்றேன். சொல்லும்வரை அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"பாத்தியா, பெரிய மனுசன்" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஆட்டோவில் படத்தைக் கொண்டுவந்தேன். புதிய தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தேன். டாக்டர் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார், சாயங்காலம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். ஸ்டெல்லாவுக்கு ஞாயிறு விடுமுறை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூலில் படத்தைச் சாய்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் இருக்கும், பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கூரை ஓட்டைல வர்ற வெயில் கொஞ்சம் ஜாஸ்தி. கொறச்சிருக்கலாம்" என்றார். பிறகு, "மத்தபடி பரவால்ல" என்றார். அவர் தன் படத்தைப் பற்றி அதற்கு மேல் எப்போதும் சொன்னதில்லை.

பிறகு, "திருப்பு" என்றார்.

"எதுக்குங்க?"

"பின்னால தேதி போட்டிருப்பேன். பாக்கறேன்."

திருப்பினேன். அது காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷம் கூடம் நடத்தியும் எனக்குத் தோன்றவில்லை.

இடது கையை நீட்டி மாட்டும் கம்பியைத் தொட்டார். விரலை அதன்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார்.

"இந்தக் கம்பி நான் கட்டுனது."

"ஆமாங்க."

"ஆணில மாட்டுனா நடுவுல மடங்கும் வசந்தா. கனமான படம். ஒரு வருசம் தொங்குனாப் போதும், ஆணி பட்ட எடத்துல முட்டி மாதிரி மடங்கிரும். இது நேரா இருக்குது."

"டாக்டர் கம்பிய மாத்திருப்பாருங்க."

"முடிச்சு என்னுது."

அவர் சட்டத்தின் மேல்விளிம்பைத் தடவினார். விரலைப் பார்த்தார். கீழ் மூலைகளைப் பார்த்தார். சுவரில் உரசிய சுண்ணாம்பு இல்லை. பல்லி எச்சம் இல்லை. பூச்சிக்கூடு இல்லை. ஒவ்வொன்றாக அவர் பார்த்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"டாக்டர் பொண்ணு பேரென்ன?"

நான் வைத்த பெயர்தான். அழைப்பிதழில் இருந்ததாக நானே சொன்ன பெயர். அது வாயில் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

"இது எங்கயும் தொங்கவே இல்ல" என்றார்.

நான் படத்தை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும். சாயங்காலம் ஒண்ணும் திருப்பி அனுப்ப வேண்டாம்."

ஆகஸ்ட் 18, திங்கள்

பேசவில்லை. கஞ்சி அரை டம்ளர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேசவில்லை. ஸ்டெல்லாவிடம் மட்டும் தண்ணீர் கேட்டார்.

கூடத்தில் விளக்குகளைக் கழற்ற எலெக்ட்ரீஷியன் வந்தார். இருபத்தாறு விளக்குகள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மத்தியானம் ஸ்டெல்லா துணி துவைக்கப் போனபோது கூப்பிட்டார். "வசந்தா" என்று இல்லை. "இங்க வா" என்று.

"எத்தன?"

"முப்பத்தொண்ணுங்க."

"ஊட்டி எஸ்டேட்காரர்?"

"இல்லீங்க."

"பொள்ளாச்சி வக்கீல்?"

"இல்லீங்க."

"பெங்களூர்ல அந்தப் புருசன் பொண்டாட்டி? கொழந்த பொறந்துதுன்னு சொன்னியே."

"இல்லீங்க."

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவரையும் மறக்கவில்லை. ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் கொஞ்சம் நிறுத்தினார். ஒரு ஊரே செத்துப்போன மாதிரி இருந்தது. பதினேழு பேர்.

எல்லாம் முடிந்த பிறகு, "நீ ஒண்ணாவது புடிச்சு வாங்குனியா?" என்றார்.

"நீங்க மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னுதானுங்க..."

"அதக் கேக்கல."

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை சொன்னவளுக்கு இன்னொன்று பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது இனி ஒன்றுகூட அங்கே நிற்காது என்று தெரிந்தது.

"தெரியலீங்க. நான் படத்தப் பாக்கல. உங்க மொகத்தத்தான் பாத்துட்டிருந்தேன்."

நல்ல பதில் என்று நினைத்துத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப ஒருத்தருமே பாக்கல" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாடியில் இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் கூடத்தில் மாட்டச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமாம். ஹக்கீம் பாய்க்குப் போன் செய்தேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. "வர்றேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். பன்னிரண்டாம் தேதி எழுதியதிலும். என் நாட்குறிப்பிலேயே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிப்பார்கள் என்று பயந்தேனோ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹக்கீம் பாயும் அவருடைய மச்சினரும் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக் கூடத்துக்குள் வைத்தார்கள். விளக்குகள் இல்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தோம். சுவரில் இடம் போதவில்லை. கொஞ்சம் தரையில் சாய்த்திருந்தோம். அவர்கள் இருவரும் வெளியே போய் நின்றார்கள்.

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் நிறுத்தினேன். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன், நகர்த்தச் சொன்னபோது நகர்த்தினேன். சிலவற்றின் முன் தலையை மட்டும் ஆட்டினார். "ஆகாது" என்றார் பல படங்களுக்கு. "இது திருட்டு. இன்னொருத்தரப் பாத்துப் போட்டது" என்றார் ஒன்றுக்கு. கோபமாகச் சொல்லவில்லை. கம்பெனியில் வரைபடம் சரிபார்ப்பாரே, அந்தக் குரல்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஆகாது என்று அவர் தள்ளியவற்றில் சிலவற்றைத்தான் நான் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து வைத்திருந்தேன். அவர் நின்று பார்த்தவை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அறுபத்து மூன்று ஓவியர்களுக்கு நீ நல்லா வரையறே, நீ இன்னும் பழகணும் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்லியிருக்கிறேன்.

கடைசிக்கு வந்தோம். "முப்பதுதான் இருக்குது" என்றார். "மழை மதில் எங்க?"

கதவருகே போய் நின்றுகொண்டுதான் சொல்ல முடிந்தது.

2011 கண்காட்சியில் அந்தப் படத்துக்குத் திறப்பு நாளன்றே பொட்டு ஒட்டிவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். நூல் புடவை, கையில் டிபன் கூடை. வேலைக்குப் போகிற வழியில் உள்ளே வந்தவள். நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். கால் மணி நேரம். பிறகு என்னிடம் வந்து, தவணையில் கொடுப்பீர்களா என்று கேட்டாள். ஒருவரும் கேட்டதில்லை என்று ஐந்தாம் தேதி எழுதியது இவளை மறைத்துத்தான். சிவப்புப் பொட்டைக் காட்டினேன். வித்துப்போச்சுங்களா என்றாள். ஆமாங்க என்றேன். அடுத்த நாளும் வந்தாள், பார்ப்பதற்கு மட்டும். அதற்கு அடுத்த நாளும்.

பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஊட்டிக்காரர் வாங்கிவிட்டார் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னதை மாற்றினால் மற்றதெல்லாம் சரியும். அதோடு, அப்படி ஒருத்தி நிஜமாகவே கேட்பாள் என்று நான் நம்பவில்லை. ஏதோ ஆசைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

இத்தனையும் சொன்னேன். அந்தப் படத்தை அறுத்ததையும் சொன்னேன். கைக்கு வந்ததை எடுத்ததாக எழுதியிருந்தேன் அல்லவா? அது அடுக்கின் அடியில் இருந்தது. மேலே இருந்த பத்தொன்பது படங்களை நகர்த்தி வைத்துவிட்டு அதை எடுத்தேன்.

"அத எதுக்கு?" என்றார்.

"அதப் பாத்தா அந்தம்மா மொகம் வந்துச்சுங்க."

என்னை அடிப்பார் என்றோ கத்துவார் என்றோ நினைத்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டும் செய்ததில்லை. ஆனால் நினைத்தேன்.

"என்ன சொன்னா?" என்றார்.

"தவணைல தர முடியுமான்னு..."

"அது இல்ல. படத்தப் பத்தி என்ன சொன்னா?"

"இதப் பாத்துட்டு நின்னா மூச்சு சீரா வருதுங்கன்னு சொன்னாங்க."

"அவ சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் பொறுமையாகக் காத்திருந்து முழுவதும் சொல்லவைத்தார். இடது கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் வழிந்தது. வலது பக்கத்தை நான் துடைக்கப் போனேன், அங்கே இல்லை.

"பேர் கேட்டியா?"

"இல்லீங்க."

"சும்மாவே குடுத்திருப்பேனே" என்றார். பிறகு, "போலாம்" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

சாவி நாளைக் காலை கொடுக்க வேண்டும். இன்று கூடத்தைப் பெருக்கினேன். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்துத் தேய்த்தேன்.

"இடிக்கப் போற செவுத்துக்கு எதுக்கு டீச்சர் பட்டி?" என்றார் ஹக்கீம் பாய். கேட்டுவிட்டு அவரும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு கூடச் சேர்ந்தார்.

நிறைய பேர் போன் செய்கிறார்கள். ஊருக்குப் பெரிய சேவை செய்தீர்கள் என்கிறார்கள். ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி கேட்டார். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்றார். ஓவியர்களுக்கு ஒரு சுவர் வேண்டுமே என்றுதான், என்றேன். பழகிய பதில், தானாக வந்துவிட்டது. ஒரு மனிதருக்கு ஓர் உண்மை தெரியாமல் இருப்பதற்காக நாலு சுவரும் கூரையும் போட்டு, அது வெளியே தெரியாமல் இருக்க மற்ற அறுபத்து மூன்று பேரின் படங்களை மாட்டினேன் என்று எப்படிச் சொல்வது? அவர்களில் சிலர் நன்றாக வந்தார்கள். அது என் கணக்கில் வராது.

அவர் பேசுகிறார். மருந்து, தண்ணீர், மின்விசிறி. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாவி கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

முப்பது படங்களும், பொட்டில்லாமல் மிஞ்சிய அந்த ஆறும் வீட்டுக்கு வந்துவிட்டன. முன்னறையில் மூன்று பக்கமும் சாய்த்து வைத்திருக்கிறோம். நடக்க வழி குறுகிவிட்டது. மறைத்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

காலையில் ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் சமையலறையில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனையும் ஐயா வரைஞ்சதுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆமா."

"விக்கறதுக்கா?"

"விக்கத்தான் வச்சேன். ஒண்ணும் விக்கல."

அவர் வாயால் அதை நான் கேட்பது முதல் தடவை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஸ்டெல்லா உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் காலடி கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரே இருட்டா இருக்கு. ஒரு மனுசரக்கூடக் காணோம்."

ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு வாக்கியம் அவர் காதில் விழாமல் இருக்கத்தானே இத்தனையும்.

"எது ரொம்ப இருட்டு?" என்றார் அவர்.

"இதுங்கய்யா."

"பக்கத்துல கொண்டா. எந்த எடம்? கைய வச்சுக் காட்டு."

"இங்கதான். இந்த மிஷினுக்குப் பின்னால. இங்க ஆரோ நிக்கற மாதிரி இருக்கு. உத்துப் பாத்தா இல்ல."

நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"நின்னான்" என்றார். "ஒரு ஆள் நின்னான் அங்க. வரைஞ்சிட்டு அழிச்சிட்டேன்."

"ஏன் அழிச்சீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நாக்கு இழுத்தது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று இடறின. ஸ்டெல்லா நடுவில் "என்னாங்கய்யா?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து சொன்னார். எந்த ஆலை, என்ன ஷிப்ட், அந்த ஆள் யார், ஏன் அவன் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. இந்தக் கதை எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

உள்ளே போய் நானும் உட்கார வேண்டும்போல் இருந்தது. நான் போனால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.